பென்டாஹோ டேபிள் இன்புட்: புதிதாக வந்த பதிவுகளை மட்டும் எடுப்பது எப்படி

திருகோணமலையில் ஒரு மீன் மொத்த வியாபாரியிடம் பகுதிநேரமாகக் கணினி வேலை பார்க்கிறேன். எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை என்பதெல்லாம் கடையில் உள்ள மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பதிவாகும். ஒவ்வொரு நாள் காலையிலும் அதிலிருந்து புதிதாக வந்ததை மட்டும் எடுத்து இன்னொரு தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும், அதிலிருந்துதான் படகுக்காரர்களுக்கான கணக்குத் தாள் அச்சாகும். இதை, ஓரிடத்திலிருந்து தரவை எடுத்து இன்னோரிடத்தில் சேர்க்கும் கருவியான பென்டாஹோ டேட்டா இன்டக்ரேஷன் வைத்துச் செய்கிறேன். அதில், வினவல் ஓட்டித் தரவுத்தளத்திலிருந்து வரிகளை வாசிக்கும் டேபிள் இன்புட் என்ற ஒரு ஸ்டெப்பைச் சரியாக அமைக்க எனக்கு நாலு நாள் போனது. தமிழில் யாரும் இதை எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜாவா போடுவது, ஸிப்பைப் பிரித்து பென்டாஹோவின் வரையும் ஜன்னலான ஸ்பூனைத் திறப்பது, செலக்ட் வினவல் எழுதுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். உயர்தரத்தில் ஐசிடி படித்தவர்களுக்கு இது போதும். கீழே வினவல்களை வாசிக்க இலகுவாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.

ட்ரைவர்

பென்டாஹோவை மைஎஸ்கியூஎல்லோடு பேச வைக்கும் ட்ரைவர் அதனுடன் வராது. கனெக்டர் ஜே என்ற ஜார் கோப்பை இறக்கி, பென்டாஹோ ஃபோல்டருக்குள் இருக்கும் லிப் என்ற ஃபோல்டரில் போட்டு, ஸ்பூனை மூடித் திறக்க வேண்டும். திறந்தபடியே போட்டால் அது கண்டுகொள்ளாது.

பழைய பென்டாஹோவில் 8ஆம் வரிசை ட்ரைவரைப் போட்டால், 'ஓஆர்ஜி டொட் ஜிஜேடி' என்று தொடங்கும் ஒரு ட்ரைவர் வகுப்பைக் காணவில்லை என்று பிழை வரும். அந்தப் பழைய பெயர் 8ஆம் வரிசையில் எடுக்கப்பட்டுவிட்டது. அப்படி வந்தால் 5.1.49 ஜாரைப் போடுங்கள், அந்த வரிசையில் கடைசி அதுதான். இரண்டு ஜாரையும் ஒன்றாக வைக்க வேண்டாம்.

இணைப்பு

புதிய ட்ரான்ஸ்ஃபர்மேஷன் (ஸ்டெப்புகளை இணைத்து வரையும் பலகை) ஒன்றைத் திறந்து, இடப்பக்கம் இன்புட் பகுதியிலிருந்து டேபிள் இன்புட்டை இழுத்துப் போட்டு, இரட்டைக் கிளிக் செய்யுங்கள். கனெக்ஷனுக்குப் பக்கத்தில் நியூ. சேவர் முகவரி, தரவுத்தளத்தின் பெயர், போர்ட் 3306, பயனர், கடவுச்சொல். டெஸ்ட் அழுத்திப் பாருங்கள்.

இங்கே ரூட் பயனரைக் கொடுக்காதீர்கள். செலக்ட் உரிமை மட்டும் உள்ள ஒரு பயனரை உருவாக்கி அதைக் கொடுங்கள். நாம் வாசிக்க மட்டுமே போகிறோம், கை தவறினாலும் ஒருவருடைய உழைப்பின் கணக்கு அழியக்கூடாது.

படகின் பெயர் தமிழில் இருந்து அது கேள்விக்குறிகளாக வந்தால், முதலில் வேறொரு கருவியில் அதே வரியைப் பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் கோளாறு இணைப்பில்தான், ஆப்ஷன்ஸ் பக்கத்தில் கேரக்டர் என்கோடிங் என்பதை யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். அங்கேயும் கேள்விக்குறி என்றால் பதியும்போதே எழுத்து போய்விட்டது, பென்டாஹோவால் மீட்க முடியாது.

வினவல்

நான் எப்போதும் டீபீவர் என்ற தரவுத்தளக் கருவியில் வினவலை எழுதி, பத்து வரி எடுத்துப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகுதான் இங்கே ஒட்டுவேன். ஸ்பூனின் எடிட்டர் சின்ன ஜன்னல், பிழை வந்தால் எங்கே என்று தேடிப் பிடிப்பது சிரமம். 'கெட் எஸ்கியூஎல் செலக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற பொத்தானையும் நான் தொடுவதில்லை. எல்லா நிரல்களையும் எழுதித் தரும், ஆனால் எனக்குத் தேவை ஆறோ ஏழோ. கடைசியில் அரைப்புள்ளி வேண்டாம்.

செலக்ட் பதிவு_இலக்கம், கொள்வனவு_நேரம், படகு, மீன், கிலோ, விலை, மாற்றிய_நேரம் ஃப்ரம் கொள்வனவு

ப்ரிவியூ அழுத்தினால் சூரை, பாரை, அறக்குளா என்று வரிகள் வரும். இதுவரை யாருக்கும் சிக்கல் வராது. ஆனால் இது தினமும் முழு அட்டவணையையும் இழுக்கும்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

புதிதாக வந்ததை மட்டும் எடுக்க, ஏற்கெனவே சேர்த்ததில் கடைசி நேரம் எது என்று தெரிய வேண்டும். நான் முதலில் செய்தது இது: ஒரு டேபிள் இன்புட்டால் அந்தக் கடைசி நேரத்தை எடுத்தேன். செட் வேரியபிள்ஸ் ஸ்டெப்பால் அதை ஒரு மாறியில் வைத்தேன். அதே பலகையில் இன்னொரு டேபிள் இன்புட் போட்டு, அதன் வினவலில் டொலர் குறியும் நெளிவு அடைப்பும் போட்டு மாறியை எழுதினேன். முதலில் தொடரியல் பிழை. 'ரீப்ளேஸ் வேரியபிள்ஸ் இன் ஸ்கிரிப்ட்' என்ற பெட்டியில் சரி போடவில்லை, அதனால் டொலர் குறி அப்படியே மைஎஸ்கியூஎல்லுக்குப் போயிருக்கிறது. அது எளிதாகத் தீர்ந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய தலையிடி. காலையில் முதல் முறை ஓட்டினால் பிழை, உடனே இரண்டாம் முறை ஓட்டினால் சரியாக வரும். சேவரைச் சந்தேகப்பட்டேன், வயரைச் சந்தேகப்பட்டேன், ட்ரைவரைக்கூட மாற்றினேன்.

காரணம் இதுதான்: ஒரு ட்ரான்ஸ்ஃபர்மேஷனில் உள்ள எல்லா ஸ்டெப்பும் ஒரே நேரத்தில் தொடங்கும். படத்தில் இடமிருந்து வலமாக வரைந்திருப்பதால் ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் என்று நமக்குத் தோன்றுகிறது, ஆனால் அது அப்படி வேலை செய்வதில்லை. நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கக் கயிற்றிலும் எல்லாரும் ஒன்றாகத்தான் இழுப்பார்கள், ஒருவர் இழுத்து முடித்த பிறகு அடுத்தவர் கை வைப்பதில்லை. ட்ரான்ஸ்ஃபர்மேஷனும் அப்படித்தான். முதல் ஸ்டெப் மாறிக்கு மதிப்புக் கொடுக்க முதலே இரண்டாவது தன் வினவலை அனுப்பிவிடும். இரண்டாம் முறை சரியாக வந்தது, முதல் ஓட்டத்தில் வைத்த மதிப்பு ஸ்பூனின் நினைவில் கிடந்ததால்.

ஒன்றன் பின் ஒன்றாக நடக்க வேண்டுமென்றால், ட்ரான்ஸ்ஃபர்மேஷன்களை வரிசையாக ஓட்டும் ஜொப் வேண்டும். முதல் ட்ரான்ஸ்ஃபர்மேஷன் மாறியை வைக்கும், இரண்டாவது அதைப் பயன்படுத்தும், ஜொப் இரண்டையும் வரிசையாக ஓட்டும். பல இடங்களில் அதே மாறி தேவையென்றால் இதுதான் வழி.

ஒரே ஓர் இடத்தில்தான் தேவை என்றால் மாறியே வேண்டாம். நான் இப்போது செய்வது இந்த இரண்டாவது வழியைத்தான்.

முதல் டேபிள் இன்புட்டுக்கு 'கடைசி_நேரம்' என்று பெயர் வையுங்கள். அது சேர்க்கும் தரவுத்தளத்தில் உள்ள மிகப் பெரிய மாற்றிய_நேரத்தை ஒரே வரியாக எடுக்கும். அதிலிருந்து இரண்டாவது டேபிள் இன்புட்டுக்கு ஹொப் (இரண்டு ஸ்டெப்பை இணைக்கும் அம்புக்கோடு) இழுங்கள். இரண்டாவதின் வினவலில் கடைசியில் இதைச் சேருங்கள்:

வேர் மாற்றிய_நேரம் >= ?

அப்புறம் கீழே 'இன்சர்ட் டேட்டா ஃப்ரம் ஸ்டெப்' என்ற இடத்தில் கடைசி_நேரம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் ஹொப் இருந்தும் மதிப்பு உள்ளே போகாது.

கேள்விக்குறியைச் சுற்றி மேற்கோள் குறி போடாதீர்கள், போட்டால் அது வெறும் எழுத்தாகிவிடும். எத்தனை நிரல் வருகிறதோ அத்தனை கேள்விக்குறி, அதே வரிசையில். ஸ்டெப்பைத் தேர்ந்தவுடன் ஜன்னலில் உள்ள ப்ரிவியூ பொத்தான் மங்கிவிடும், பதற வேண்டாம். ஜன்னலை மூடி, முழு ட்ரான்ஸ்ஃபர்மேஷனையும் ப்ரிவியூ செய்து பாருங்கள்.

பல வரிகள் வந்து ஒவ்வொன்றுக்கும் வினவல் ஓட வேண்டுமென்றால் மட்டும் 'எக்ஸிக்யூட் ஃபோர் ஈச் ரோ' என்பதில் சரி போடுங்கள்.

ஏன் கொள்வனவு நேரம் இல்லை, மாற்றிய நேரம்?

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். விடிய மீன் வரும், நிறுத்துப் பதிவார்கள், ஆனால் பெரிய மீனுக்கு விலை உடனே விழாது. லொறி பேலியகொடைச் சந்தைக்குப் போய் அங்கே என்ன விலை போனது என்று தொலைபேசியில் வந்த பிறகுதான் அந்த வரியில் விலையை நிரப்புவார்கள். நான் முதலில் கொள்வனவு நேரத்தை வைத்து எடுத்ததால், விலை வெறுமையாக இருந்த வரி ஒரு தடவை வந்து சேர்ந்தது, பிறகு நிரப்பிய விலை வரவே இல்லை. ஒரு படகுக்காரர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, "தம்பி, அறக்குளாக் காசு எங்க?" என்று கேட்டார். தாளில் 38 கிலோ என்று இருந்தது, விலைக் கட்டம் வெறுமை. இரவு முழுக்கக் கடலில் கிடந்து கொண்டுவந்த மீன் அது. அன்றைக்கே, வரி கடைசியாக மாறிய நேரத்தை வைத்து எடுக்கும்படி மாற்றிவிட்டேன்.

மாறிய வரிகள் திரும்ப வருமென்பதால், கடைசியில் டேபிள் அவுட்புட் போடாதீர்கள், ஒரே மீன் இரண்டு தடவை விழும். இன்சர்ட் அப்டேட் ஸ்டெப்பைப் போட்டு, பதிவு_இலக்கத்தைத் திறவுகோலாகக் கொடுங்கள். அது இருப்பதால்தான் மேலே >= என்று துணிந்து எழுதினேன். வெறும் > போட்டால், அதே விநாடியில் மாறிய இன்னொரு வரி விடுபடலாம்.

பின்சேர்க்கை 1

முதல் தடவை ஓட்டினால் ஒரு வரியும் வரவில்லை, பிழையும் இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். சேர்க்கும் அட்டவணை வெறுமையாக இருந்தால் மிகப் பெரிய நேரம் நல், அதாவது மதிப்பே இல்லை, என்று வரும். நல்லோடு எதை ஒப்பிட்டாலும் உண்மையாகாது, அதனால் எல்லா வரியும் வடிந்துவிடும். கடைசி_நேரம் வினவலில் கோஆலெஸ் சேர்த்து, நல் வந்தால் '2000-01-01' என்று கொடுங்கள்.

பின்சேர்க்கை 2

திகதி 0000-00-00 என்று கிடக்கும் பழைய வரிகளால் ஓட்டம் நின்றுவிடுகிறது என்று இன்னொருவர் எழுதினார். ஜாவாவுக்கு அப்படி ஒரு திகதி இல்லை. ஆப்ஷன்ஸ் பக்கத்தில் 'ஸீரோ டேட்டைம் பிஹேவியர்' என்பதை, இடைவெளி இல்லாமல், 'கன்வெர்ட் டு நல்' என்று கொடுங்கள். 5.1 ட்ரைவருக்குச் சொற்களை ஒட்டி, இரண்டாவது சொல்லிலிருந்து ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் பெரிதாக, 8க்கு எல்லாம் பெரிய எழுத்தில், நடுவே அடிக்கோடு போட்டு.

பின்சேர்க்கை 3

கிண்ணியாவில் இருந்து ஒரு சகோதரி கேட்டது. அவருடைய சேவர் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்தது, நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். அதனால் விடிய 4 மணிக்கு இறங்கிய மீன் முதல் நாள் இரவு 10.30 என்று பதிவாகி, முதல் நாள் தாளில் போய் விழுந்திருக்கிறது. கொள்வனவு_நேரத்தை மட்டும் செலக்ட் பகுதியில் கன்வெர்ட் டிஇசட் மூலம் '+00:00' இலிருந்து '+05:30' க்கு மாற்றச் சொன்னேன். மாற்றிய_நேரத்தைத் தொட வேண்டாம், அதையும் மாற்றினால் அடுத்த ஓட்டத்தில் ஐந்தரை மணி நேரப் பதிவுகள் விடுபடும். மாற்றிய பிறகு படகுகள் அந்தந்த நாள் தாளிலேயே வருகின்றன என்று மறுநாள் எழுதியிருந்தார்.