நாற்பது புத்தகங்களில் ஒரு பொது அலமாரி: புனைவும் அபுனைவும் கலந்து தேர்ந்தெடுப்பது எப்படி

பத்துப் பதினைந்து பேர் மாற்றி மாற்றி எடுத்துப் படிக்கும் அலமாரிக்கு 40 புத்தகங்கள் போதும். 250 பக்கமுள்ள மெல்லட்டைப் புத்தகம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமன் இருக்கும். நாற்பதும் 90 சென்டிமீட்டர் தட்டு ஒன்றில் அடங்கி, கொஞ்சம் இடமும் மிஞ்சும். எண்ணிக்கை குறைவு என்பதால் தேர்வில் கவனம் கூடுதலாக வேண்டும். நாற்பதில் ஐந்தாறு சோடை போனாலே, ஆட்கள் அந்தப் பக்கம் வருவது குறைந்துவிடும்.

கலவை என்றதும் பலரும் பொருளைத்தான் கலக்கிறார்கள்: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் அறிவியல், நாலு நாவல். பார்த்தால் நாவல்கள் எல்லாம் ஐந்நூறு பக்கம், வரலாறும் ஐந்நூறு பக்கம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே கிடைக்கிற ஒருவருக்கு அங்கே எடுக்க ஒன்றுமில்லை. நீளம், கடினம், காலம், வடிவம் ஆகிய நான்கும் முதலில் கலக்க வேண்டும். பொருள் அதற்கப்புறம்.

வாசகர்களிடம் கேட்பது

“என்ன மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?” என்று கேட்கவே கூடாது. எல்லோரும் மதிப்பான பதிலைத்தான் சொல்வார்கள். அதை நம்பி வாங்கியவை தூசி படியும். இரண்டே கேள்விகள் போதும். கடைசியாக முழுதாகப் படித்து முடித்தது எது? பாதியில் விட்டது எது, ஏறத்தாழ எந்தப் பக்கத்தில்? இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் தங்கம். முப்பதாவது பக்கத்தில் விட்டவருக்கு நடை ஒத்துவரவில்லை. இருநூறாவது பக்கத்தில் விட்டவருக்கு நேரம் போதவில்லை. முன்னவருக்கு வேறு எழுத்தாளர் வேண்டும். பின்னவருக்கு அதே எழுத்தாளரின் குறுநாவலோ சிறுகதையோ போதும்.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்; மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். தேர்வுசெய்கிறவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். முதலில் 60 தலைப்புகள் கொண்ட பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே, இதை எடுக்கக்கூடிய ஒருவர் பெயரை எழுதுங்கள். பெயர் எழுத முடியாத தலைப்பை, எவ்வளவு புகழ்பெற்றதானாலும், அடித்துவிடலாம். பட்டியல் அநேகமாகத் தானே நாற்பதை நெருங்கும்.

கணக்கு

40 நூல்களில் 22 புனைவு, 18 அபுனைவு. புனைவைச் சற்றுக் கூட்டிவைப்பதற்குக் காரணம், புனைவு ரசனை ஆளுக்கு ஆள் அதிகமாக மாறுகிறது. ஒருவர் தலையில் வைத்துக் கொண்டாடும் நாவலை அடுத்தவர் பத்துப் பக்கத்தில் மூடிவிடுவார்.

புனைவில் 6 சிறுகதைத் தொகுப்புகள், 150 பக்கத்துக்கு உட்பட்ட 5 குறுநாவல்கள், 200 முதல் 350 பக்கம் வரை 5 நாவல்கள், துப்பறிதல், அறிவியல் புனைவு, திகில் என வகைக்கு ஒன்றாக 3, ஒரு நாடகம். ஐந்நூறு பக்கத்தைத் தாண்டியவை இரண்டே இரண்டு. தீவிர வாசகர்கள் துப்பறியும் கதையைப் பார்த்து முகம் சுளிக்கலாம். படிக்கும் பழக்கம் விட்டுப்போனவரை மறுபடி உள்ளே இழுப்பது பெரும்பாலும் அந்தப் புத்தகம்தான்.

அபுனைவில் வாழ்க்கை வரலாறு, தன்வரலாறு, நாட்குறிப்பு, கடிதங்கள் சேர்ந்து 4, வரலாறு 3, அறிவியல் 3, பயணம் 2, கட்டுரைத் தொகுப்பு 2, கையால் செய்து பார்க்கிற வேலைகளுக்கான செயல்முறை நூல் 2, மொழி அல்லது கலை 1, நிலப்பட நூல் 1.

இதற்குக் குறுக்கே இன்னும் மூன்று வரம்புகள் வையுங்கள். ஓர் எழுத்தாளருக்கு இரண்டு நூலுக்கு மேல் இல்லை. குறைந்தது 10 நூல்கள் ஐம்பது ஆண்டுக்கு முன் எழுதப்பட்டவை. குறைந்தது 10 மொழிபெயர்ப்புகள், அவையும் ஐந்து மூலமொழிகளிலிருந்தாவது வர வேண்டும்.

பட்டியல் முடிந்ததும் அபுனைவை மட்டும், நூலகங்கள் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு வகைப்படுத்தும் டூயி பகுப்பில் போட்டுப் பாருங்கள். 1876-ல் மெல்வில் டூயி வெளியிட்ட இந்தப் பகுப்பு அறிவை 000 முதல் 900 வரை பத்து நூறுகளாகப் பிரிக்கிறது: 100 மெய்யியலும் உளவியலும், 500 அறிவியல், 600 தொழில்நுட்பம், 900 வரலாறும் புவியியலும் என்று. அலமாரியை அந்த வரிசையில் அடுக்கத் தேவையில்லை; ஓட்டை தெரிவதற்குத்தான் இது. வழக்கமாக வீங்கியிருப்பது 158, அதாவது சுயமுன்னேற்றம் விழுகிற எண். பதினெட்டில் நான்கு அங்கே விழுந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை எடுத்துவிடுங்கள், நான்கும் சொல்வது ஏறத்தாழ ஒன்றுதான். வழக்கமாகக் காலியாக இருப்பவை 500-ம் 600-ம்.

அபுனைவு நூலைப் பத்து நிமிடத்தில் சோதிப்பது

முதலில் பதிப்பு விவரப் பக்கம். முதற்பதிப்பு ஆண்டும் அச்சான ஆண்டும் வேறு. “புதிய பதிப்பு” என்று அட்டையில் போட்டிருந்தால் பழைய பதிப்பின் ஐஎஸ்பிஎன் எண்ணோடு, அதாவது நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணோடு, ஒப்பிடுங்கள். உள்ளடக்கம் கணிசமாகத் திருத்தப்பட்டால் புது எண் வாங்க வேண்டும் என்பது விதி. எண் அதேதான் என்றால், அநேகமாக அட்டைதான் புதியது. ஒரு விலக்கு: 2007 தொடக்கத்தில் எண்ணின் நீளம் பத்து இலக்கத்திலிருந்து பதின்மூன்றானது. அதற்கு முந்தைய பிரதியோடு ஒப்பிடும்போது எண் மாறியிருப்பதாகத் தோன்றும். முன்னால் உள்ள 978-ஐயும் கடைசிச் சரிபார்ப்பு இலக்கத்தையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள ஒன்பதை ஒப்பிட்டால் சரியாக வரும்.

அடுத்து, உள்ளடக்கத்தின் வயது. வானியல் நூலில் கோள்கள் ஒன்பது என்றிருந்தால் அது 2006-க்கு முந்தைய எழுத்து. அந்த ஆண்டில்தான் புளூட்டோ குறுங்கோள் ஆனது. வேதியியல் நூலில் தனிம அட்டவணையின் 113, 115, 117, 118 ஆகிய கட்டங்களைப் பாருங்கள். அவற்றுக்குப் பெயர் உறுதியானது 2016-ல். நிலப்பட நூலில் தென் சூடான் தனி நாடாக இருக்கிறதா என்பது 2011-ஐக் காட்டும். சுவாசிலாந்து எஸ்வாத்தினி ஆகியிருந்தால் 2018-க்குப் பிந்தையது. வரலாறும் பயணமும் பழசானால் பரவாயில்லை, சில பழையவைதான் நல்லவை. மருத்துவம், கணினி, சட்டம் மூன்றிலும் ஐந்தாண்டு கடந்தது என்றால் யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

பிறகு கடைசிப் பக்கங்கள். நல்ல அபுனைவு நூலுக்குச் சொல்லடைவு, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் அகரவரிசைப் பட்டியல், இருக்கும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சங்கதியை அதில் தேடி, அந்தப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். உதாரணமாகப் பெரியம்மை. எட்வர்ட் ஜென்னரின் சோதனை 1796, நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980. இந்த இரண்டு எண்ணும் சரியாக வந்து, இடைப்பட்ட காலத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றும் அந்தப் பக்கத்தில் இருந்தால் நூலை நம்பலாம். தெரிந்த இடத்திலேயே தவறு இருந்தால் தெரியாத இடத்தில் எவ்வளவு இருக்குமோ! சொல்லடைவே இல்லாத வரலாற்று நூலை, மேற்கோள்களுக்கு அடிக்குறிப்பாவது இருந்தால் மட்டும் எடுங்கள்.

புனைவும் மொழிபெயர்ப்பும்

நாவலின் முதல் பக்கத்தை நம்பாதீர்கள், அது பலமுறை மெருகேறிய பக்கம். பின்னட்டையை அதைவிட நம்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு தாண்டிய இடத்தில் திறந்து, உரையாடல் உள்ள பக்கம் ஒன்றைப் படியுங்கள். பேசுகிறவர் பெயரை விரலால் மறைத்தாலும் யார் பேசுவது என்று தெரிகிறதா? தெரிந்தால் எடுக்கலாம்.

மொழிபெயர்ப்பென்றால் அதே பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கெட்ட மொழிபெயர்ப்பு காதில் உடனே மாட்டும். வரிக்கு வரி “ஒரு” வரும்: “அவர் ஒரு மருத்துவராக இருந்தார், ஒரு பெரிய வீட்டில் வசித்தார்.” நம் காதுக்கு “அவர் மருத்துவர், பெரிய வீட்டில் குடியிருந்தார்” என்பதுதானே இயல்பு? கதவு “அவனால் திறக்கப்படும்”. எல்லோரும் பக்கத்துக்கொருமுறை தோள்களைக் குலுக்கிக்கொள்வார்கள். இவற்றில் இரண்டு ஒரே பக்கத்தில் கண்ணில் பட்டால் வேறு மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். மூலமொழியிலிருந்து நேரடியாக வந்ததா, இடையில் இன்னொரு மொழி வழியாக வந்ததா என்பதும் பெரும்பாலும் பதிப்பு விவரப் பக்கத்தில் இருக்கும். வழி மொழியில் வந்தது என்பதற்காகத் தள்ள வேண்டாம்; இரண்டும் கிடைத்தால் நேரடியானதை முதலில் சோதியுங்கள்.

அடிக்கடி நேரும் மூன்று பிழைகள்: மூன்று பாகத் தொடரில் முதல் பாகத்தை மட்டும் வாங்குவது, சுருக்கப் பதிப்பு என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதைக் கவனிக்காமல் வாங்குவது, ஒரே எழுத்தாளரின் “தேர்ந்தெடுத்த கதைகள்”, “சிறந்த கதைகள்” இரண்டையும் வாங்கிவிட்டுப் பாதிக் கதைகள் ஒன்றே என்று பிறகு கண்டுபிடிப்பது. கடைசிப் பிழையைத் தவிர்க்க இரண்டின் பொருளடக்கத்தையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

பல கை மாறும் நூலுக்கு பைண்டிங் முக்கியம். நடுப்பக்கத்தில் விரித்து மேலிருந்து முதுகைப் பாருங்கள். தாள்கள் சிறுசிறு கட்டுகளாக மடிந்து தெரிந்தால் தையல் பைண்டிங், நிற்கும். சீராக வெட்டிய தாள்கள் பசையில் ஒட்டியிருந்தால் அகல விரிக்கிற இடத்தில் பசை விரிந்து, தாள் கழன்று வரும். ஐந்நூறு பக்க நூலைத் தையலில் மட்டும் வாங்குங்கள்.

வாங்குவதும் அடுக்குவதும்

நாற்பதையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதலில் 20, இரண்டு மாதம் கழித்து 12, பிறகு 8. முதல் இருபதில் எது சுற்றுகிறது என்று பார்த்தால் அடுத்த பன்னிரண்டில் பாதி தானாக மாறும்.

புனைவு ஒரு பக்கம், அபுனைவு ஒரு பக்கம் என்று பிரித்தால் நாவல் வாசகர் மறுபக்கம் திரும்பவே மாட்டார். ஜோடி போட்டு வையுங்கள்: கொள்ளைநோய் பற்றிய நாவலுக்குப் பக்கத்தில் தடுப்பூசியின் வரலாறு, சிறையில் நடக்கும் குறுநாவலுக்குப் பக்கத்தில் சிறை நாட்குறிப்பு. ஆறேழு ஜோடி போதும், மற்றவற்றை எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். மூன்று நான்கு நூல்களை அட்டை தெரிய முன்னோக்கி நிறுத்தி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புத்தகங்களை இறுக அடுக்கினால், எடுக்கிறவர் முதுகின் உச்சியில் விரலை மாட்டி இழுப்பார். முதலில் கிழிவது அந்த இடம்தான். இருபுறமுள்ள நூல்களை உள்ளே தள்ளி நடு முதுகைப் பிடித்து எடுக்கும் அளவுக்குத் தளர்வு வேண்டும். வெயில் படும் இடமும் ஈரச் சுவரும் ஆகாது.

தவணை மூன்று வாரம். நாளுக்கு இருபது பக்கம் படிக்கிறவர் 300 பக்க நூலைப் பதினைந்து நாளில் முடிப்பார். 600 பக்கத்துக்கு ஒரு மாதம். ஆகவே பெரிய நூல் இரண்டுக்கும் ஆறு வாரம் கொடுங்கள். பிடிக்காததைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. நூலகர் நான்சி பேர்ல் சொன்ன கணக்கு உதவும்: ஐம்பது வயது வரை 50 பக்கம் படித்துப் பார்க்கலாம். அதற்கு மேல் நூறிலிருந்து வயதைக் கழித்து வருகிற பக்கம். எழுபது வயதுக்காரருக்கு 30 பக்கம்.

கடைசித் தாளில் ஒரு சீட்டு ஒட்டி, எடுக்கிறவர்கள் தேதியை மட்டும் எழுதட்டும். பெயர் வேண்டாம், பெயர் எழுதச் சொன்னால் சிலர் சில நூல்களைத் தொட மாட்டார்கள். ஆறு மாதத்தில் ஒரு தேதிகூட விழாத நூலை உடனே தூக்காமல், அட்டை தெரிய ஒரு மாதம் முன்னே நிறுத்திப் பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால் அதே அளவு, அதே வகையில் இன்னொன்றைக் கொண்டுவாருங்கள்: குறுநாவலுக்குக் குறுநாவல், அறிவியலுக்கு அறிவியல். இல்லாவிட்டால் ஓராண்டில் அலமாரி முழுக்கத் துப்பறியும் கதை ஆகிவிடும்.