ஐடியை விட்டு லேபுக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

சென்னையில் கோடிங் செய்துவிட்டு, ஊரோடு இருக்கலாம் என்று ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கம் திரும்பி ரத்தப் பரிசோதனை லேப் வேலைக்குப் படிக்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நானும் அந்த வழியில் வந்தவன்தான். அதே பள்ளங்களில் அவர்களும் கால் வைக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. ஊசி பிடிக்கக் கை நடுங்குவதையெல்லாம் விட்டுவிடுகிறேன், அது பழகப் பழகச் சரியாகிவிடும்.

குரூப்பைப் பார்க்காமல் வேலையை விடுவது

பிளஸ் டூவில் கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்கள் கவனியுங்கள். லேப் வேலைக்கான டிப்ளமோ டிஎம்எல்டி, டிகிரி பி.எஸ்சி எம்எல்டி இரண்டுக்கும் பொதுவாக உயிரியல் கேட்பார்கள். ராஜினாமா கொடுக்கும் முன் மார்க் ஷீட்டை எடுத்துப் பாருங்கள்.

ஆறு மாத சர்டிபிகேட்

வேண்டாம்.

மெஷின் சொன்னால் சரிதான் என்று நம்புவது

ஒரு லேபில் புதிதாகச் சேர்ந்த பையன், ஐடியிலிருந்து வந்தவன், நல்ல சுறுசுறுப்பு. ஒரு பாட்டிக்கு நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை. சிவப்பு மூடி ட்யூபில் ரத்தம் போதவில்லை என்று ஊதா மூடி ட்யூபிலிருந்து கொஞ்சம் எடுத்து ஊற்றிவிட்டான். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 9-க்கு மேல், கால்சியம் 5-க்குக் கீழ். பொட்டாசியம் 3.5 முதல் 5 வரைதான் இருக்க வேண்டும். 9 என்றால் இதயமே நின்றுபோகலாம். பாட்டியோ பெஞ்சில் உட்கார்ந்து பேத்தியிடம் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர்கள் மதுரைக்கு ஆம்புலன்ஸ் பேசிவிட்டார்கள்.

"காலையில கன்ட்ரோல் பாஸ் ஆயிருக்குண்ணே, மெஷின் சரியாத்தான் இருக்கு" என்று ஸ்கிரீனைக் காட்டுகிறான். இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது அந்தப் பதிலை நினைத்துத்தான். கன்ட்ரோல் என்பது அளவு முன்பே தெரிந்த சாம்பிளை ஓட்டிப் பார்ப்பது. அது மெஷினைப் பற்றித்தான் சொல்லும், ட்யூபைப் பற்றிச் சொல்லாது. ஊதா மூடிக்குள் இருக்கும் ஈடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு. ரத்தம் உறையாமலிருக்க அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கி, ஆளும் நன்றாக இருந்தால் முதலில் ட்யூபைச் சந்தேகப்படுங்கள். மறுபடி ரத்தம் எடுத்ததில் பாட்டிக்கு இரண்டும் நார்மல்.

எப்போதும் சிவப்பு முதலில், ஊதா அப்புறம். ஒன்றிலிருந்து இன்னொன்றில் ஊற்றவே கூடாது. ரத்தம் போதவில்லையா, மன்னிப்புக் கேட்டு மறுபடி குத்துங்கள்.

தொண்டியிலோ பாம்பனிலோ எடுத்து பஸ்ஸில் அனுப்பும் சாம்பிளும் இப்படித்தான். சீரத்தை, அதாவது உறைந்த ரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீரை, பிரிக்காத ரத்தத்தில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்திலேயே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். நம் வெயிலில் இன்னும் வேகம். சரி, ஐஸில் வைக்கலாம் என்றால் பொட்டாசியம் ஏறிவிடும். எடுத்த இடத்திலேயே, உறைந்ததும் ஸ்பின் போட்டு, அதாவது மெஷினில் வேகமாகச் சுழற்றி, சீரத்தைப் பிரித்து அனுப்புங்கள்.

"வெறும் வயிறா?" என்று மட்டும் கேட்பது

இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு நேராக லேபுக்கு வருகிறவர் "ஆமா" என்றுதான் சொல்வார். படகில் குடித்த சர்க்கரை டீ அவர் கணக்கில் சாப்பாடே இல்லை. "கடைசியா என்ன குடிச்சீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். எட்டு மணி நேரம் ஆகவில்லை என்றால் மறுநாள் வரச் சொல்லுங்கள்.