மெமரி நிறைந்துவிட்டது என்றதும் செய்யக் கூடாதவை

அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் சர்வீஸ் கடையில் புதிதாக இரண்டு பையன்கள் வேலை பழகுகிறார்கள். கெட்டிக்காரர்கள். போன வாரம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து, வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றின் கணினி வந்தது. இருவரில் இளையவன் டாஸ்க் மேனேஜரை, அதாவது எந்தச் செயலி எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று காட்டும் விண்டோஸ் கருவியை, திறந்தான். மெமரி, அதாவது ராம், 91 சதவீதம் நிறைந்திருந்தது. பத்து வினாடிகூட ஆகவில்லை, "அண்ணா, ராம் போதவில்லை. இன்னொரு 8 ஜிபி போட்டுவிடலாம்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நான் சொன்ன வாக்கியம் அது, ஜிபி எண் மட்டும்தான் வேறு.

பிரவுசரில் ஐம்பது பக்கங்களைத் திறந்து வைப்பது, வைரஸ் சோதனையே செய்யாமல் விடுவது, விசிறியில் தூசி அடைத்துக் கிடப்பது ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. வேலை தெரிந்தவர்களே செய்யும் தவறுகள்தான் எனக்கு முக்கியம்.

மெமரியை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் ராம் வாங்குவது

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகம். விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். கணினி நான்கைந்து நாட்கள் ஒழுங்காக ஓடும். பிறகு எக்செல் திறக்கவே இரண்டு நிமிடம் ஆகும். கடைசியில் திரை உறைந்துவிடும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் மீண்டும் நான்கைந்து நாட்களுக்குக் கவலை இருக்காது. தோட்டத்துக் கணக்கர் இதைப் போனிலேயே தெளிவாகச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. 4 ஜிபி என்ற எண் மட்டும்தான் என் மூளையில் ஏறியது. இன்னொரு 4 ஜிபி ராமைப் பையில் போட்டுக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய், மாட்டிவிட்டு, இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

பத்தாம் நாள் போன் வந்தது. "தம்பி, முன்பு ஐந்து நாளில் நின்றது, இப்போது ஒன்பது நாளில் நிற்கிறது."

மறுபடி ஏறினேன். இந்த முறை டாஸ்க் மேனேஜரில் செயலிகளின் பட்டியலை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் சேர்ந்து 2 ஜிபியைத் தாண்டவில்லை. மேலே மட்டும் 6.9 ஜிபி உபயோகத்தில் இருப்பதாகக் காட்டியது. பட்டியலின் கூட்டுத்தொகைக்கும் மொத்தத்துக்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால், பெரும்பாலும் மெமரியைத் தின்பது எந்தச் செயலியும் இல்லை. விண்டோஸின் அடித்தளத்தில் ஓடும் ஏதோ ஒரு டிரைவர் (கணினியின் உறுப்புகளை இயக்கும் நிரல்). பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தேர்ந்தெடுத்தால், கீழே சிறிய எழுத்தில் நான்பேஜ்டு பூல் என்று ஓர் எண் இருக்கும். டிரைவர்கள் எடுத்துக்கொள்ளும் இந்த மெமரியை ராமிலிருந்து வட்டுக்கு (டிஸ்க்) மாற்றி வைக்க முடியாது. நல்ல நிலையில் உள்ள வீட்டுக் கணினியில் சில நூறு எம்பிதான் இருக்கும். அங்கே 4.6 ஜிபி இருந்தது.

அதே பக்கத்தில் சிபியுவைத் தேர்ந்தெடுத்தால் அப்டைம், அதாவது கணினி முதலிலிருந்து தொடங்கி எவ்வளவு காலம் ஆகிறது என்பது தெரியும். ஒன்பது நாட்கள் என்றது. கணக்கரிடம் கேட்டேன். "தினமும் சாயங்காலம் ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் நம் செயலிகள் மட்டுமே மூடப்படும். அடித்தளமும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் காலை அப்படியே எழுந்து வரும். டிரைவர் விழுங்கிய மெமரியும் கூடவே வந்துவிடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

மூன்றாவது முறை பூல்மான் கருவியைப் பென் டிரைவில் எடுத்துப் போனேன். டிரைவர் எழுதுவோருக்காக மைக்ரோசாஃப்ட் தரும் கருவித் தொகுப்பில் இருப்பது அது. ஒவ்வொரு டிரைவரும் தான் எடுக்கும் மெமரிக்கு நான்கெழுத்துக் குறி ஒன்றை ஒட்டிவைக்கும்; எந்தக் குறியின்கீழ் எத்தனை பைட் இருக்கிறது என்பதைப் பூல்மான் வரிசைப்படுத்திக் காட்டும். முதலிடத்தில் நின்ற குறியை டிரைவர் கோப்புகளுக்குள் தேடினேன். நெட்வொர்க் கார்டின் டிரைவர் அகப்பட்டது. புதிய பதிப்பைப் போட்டதும் எண் உயரவில்லை. என் ராமைக் கழற்றிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது கணக்கர் மிளகு எடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். பவர் பட்டனை அழுத்தி அணைத்த தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நீல மையில் குறித்து வைத்திருந்தார். ஐந்து நாள், நான்கு நாள், ஐந்து நாள். ராம் போட்ட பிறகு ஒன்பது நாள். நோய் மொத்தமும் அந்தப் பக்கத்தில் இருந்தது. முதல் நாளே அதைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் ஒரே பயணத்தில் வேலை முடிந்திருக்கும். எடுத்ததைத் திருப்பித் தராத நிரலுக்கு எத்தனை ஜிபி கொடுத்தாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றியதுதான். இன்றும் யாராவது பட்டியலைக் கூட்டிப் பார்க்காமல் ராம் விலையைத் தேடினால் எனக்குக் கோபம் வருகிறது. செலவாவது வாடிக்கையாளரின் பணம்.

மெமரி என்ற ஒரே பத்தியை (நெடுவரிசையை) நம்புவது

பிராசஸஸ் பக்கத்தில் தெரிவது, ஒரு செயலி இந்த நொடியில் ராமில் வைத்திருக்கும் பங்கு மட்டும். நெருக்கடி வந்தால் விண்டோஸ் அதில் ஒரு பகுதியை வட்டுக்குத் தள்ளிவிடும். அப்போது பெருந்தீனிக்காரனும் ஒல்லியாகத் தெரிவான். டீடெயில்ஸ் பக்கத்தில் தலைப்பு வரியின் மேல் வலது கிளிக் செய்து கமிட் சைஸ் என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்டு வாங்கிய மொத்தம் அங்கே தெரியும்.

ஒருமுறை பார்த்தால் போதாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை காகிதத்தில் எழுதுங்கள். ஏறி இறங்கினால் அது வேலை. ஏறிக்கொண்டே போய், சும்மா இருக்கும்போதும் இறங்காவிட்டால் கசிவு, அதாவது எடுத்த மெமரியைச் செயலி திருப்பித் தருவதில்லை.

12 சதவீதம்தானே என்று விட்டுவிடுவது

எட்டுத் திரிகளை (த்ரெட், அதாவது தனித்தனி வேலை ஓட்டங்களை) ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய சிபியுவில், ஒரு நிரல் ஒற்றைத் திரியில் மாட்டிக்கொண்டு முடிவில்லாமல் சுற்றினால் மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 12.5 சதவீதம்தான் காட்டும். நான்கு என்றால் 25. கணினியில் யாரும் எதுவும் செய்யாதபோது அதே எண் அசையாமல் நின்றால் அந்தச் செயலி சிக்கியிருக்கக்கூடும். விசிறியின் சத்தம் அடங்காததற்கும் காரணம் அதுவாக இருக்கலாம்.

மெமரி கிளீனர் மென்பொருள்

நிறுவாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளின் மெமரித் துண்டுகளை ராமிலிருந்து வெளியேற்றி எண்ணைக் குறைத்துக் காட்டும்; அடுத்த நொடி அவற்றை மறுபடி உள்ளே கொண்டுவரவே நேரம் வீணாகும்.

பேஜ் ஃபைலை நிறுத்துவது

ராமில் இருப்பதைத் தள்ளி வைக்க விண்டோஸ் வட்டில் வைத்திருக்கும் கோப்புதான் பேஜ் ஃபைல். எஸ்எஸ்டி வட்டு தேய்ந்துவிடும் என்று பயந்து இதை நிறுத்துகிறார்கள். விண்டோஸ் செயலிகளுக்கு வாக்களிக்கும் மெமரியின் உச்ச வரம்பு, ராமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த தொகை. பேஜ் ஃபைலை எடுத்துவிட்டால் வரம்பு ராமோடு நின்றுவிடும். வாங்கி வைத்துவிட்டுத் தொடாத மெமரியும் அந்தக் கணக்கில் சேர்வதால், ராமில் இடம் இருக்கும்போதே புதிய செயலிக்கு இல்லை என்ற பதில் வரும். விண்டோஸ் நிலைகுலைந்து நீலத்திரை விழுந்தால் காரணத்தைப் பதிவு செய்யும் டம்ப் கோப்பும் கிடைக்காமல் போகலாம். அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்.

பில்லிங் மென்பொருளை எண்ட் டாஸ்க் கொடுத்து வலுக்கட்டாயமாக மூடுவது

பதில் இல்லை என்று திரையில் வந்தாலும், டிஸ்க் பத்தியில் எண் ஓடிக்கொண்டிருந்தால் அது இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம். காத்திருங்கள். பாதியில் வெட்டினால் கணக்குக் கோப்பே கெட்டுப்போகலாம். ஒரு மளிகைக் கடையின் மூன்று நாள் பில்களை நான் கையால் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன்.

லினக்ஸில் எடுத்தவுடன் கில் 9

கில் என்பது செயலியை மூடச் சொல்லும் கட்டளை; எண் எப்படி மூடுவது என்பதைச் சொல்லும். முதலில் 15. அது மூடிக்கொள்ள அவகாசம் தரும், 9 தராது.

அப்டேட் முடிந்த கையோடு கணினி மந்தம் என்று புகார் செய்வது

அரை மணி நேரம் விடுங்கள்.

கொலுசுப் பட்டறைக் கணினிக்கு வருகிறேன். ராம் விலை கேட்கப் போனை எடுத்தவனை உட்கார வைத்து, கூட்டிப் பார்க்கச் சொன்னேன். பட்டியலும் மொத்தமும் ஒத்துப்போயின. டிரைவர் மேல் தவறில்லை. கமிட் சைஸ் பத்தியைச் சேர்த்து வரிசைப்படுத்தினான். பேக்கப் எடுக்கும் செயலி ஒன்று முதலிடத்துக்கு வந்தது. பழைய பில் ஒன்றைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினான்: 3.10க்கு 4.81 ஜிபி, 3.20க்கு 4.85, 3.30க்கு 4.89. நான்கு மணிக்கு 5.01 என்று எழுதிவிட்டு, அந்தச் செயலியை முறையாக மூடினான். சதவீதம் 91இலிருந்து 38க்கு இறங்கியது. காகிதத்தைக் கணினிப் பெட்டியின் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறான், பட்டறைக்காரர் வந்தால் காட்டுவதற்கு.