பிள்ளை நீச்சல் அணியில் சேர்ந்துவிட்டதா? வீட்டில் செய்ய வேண்டியவை

கோடை முகாமில் நீந்தக் கற்றுக்கொண்ட பிள்ளையை அணியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பயிற்சியாளர் சொன்னதும், பல பெற்றோர் முதலில் வாங்குவது ஒரு ஸ்டாப் வாட்ச். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். என் மகள் சென்னையில் அணிக்காக நீந்தியவள். இப்போது நான் மாவட்டப் போட்டிகளில் நேரம் குறிக்கும் பணியில் நிற்கிறேன். ஒருவர் நீந்தும் தடமான லேனின் முனையில், சுவருக்கு மேலே குனிந்து நின்றால்தான் விரல் சுவரைத் தொடும் கணம் கண்ணுக்குத் தெரியும். கேலரியில் பக்கவாட்டில் உட்கார்ந்து எடுக்கும் நேரம் நம்பத் தகுந்ததல்ல. பள்ளியின் 25 மீட்டர் குளத்தில் எடுத்த நேரத்தை வேளச்சேரியின் 50 மீட்டர் குளத்து நேரத்தோடு வைத்துப் பார்ப்பதும் பிழை. சிறிய குளத்தில் திருப்பங்கள் அதிகம். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்து வேகம் எடுக்கலாம். பெரிய குளத்துக்கு வந்ததும் நேரம் கூடுவது இயல்பு. அதைப் பார்த்துப் பிள்ளை பின்தங்கிவிட்டது என்று கலங்க வேண்டாம்.

நேரத்தைப் பயிற்சியாளரிடம் விட்டுவிட்டால், உங்களுக்கு மிஞ்சுவது தூக்கமும் சாப்பாடும். காலை ஐந்தரைக்குப் பயிற்சி என்றால் இரவு ஒன்பதுக்குள் பிள்ளை உறங்க வேண்டும். அதற்கு வீடு முழுவதும் ஒத்துழைக்க வேண்டும், தொலைக்காட்சி உட்பட. பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம் போதும். முடிந்த அரை மணி நேரத்துக்குள் இட்லியும் முட்டையும், அல்லது இட்லியும் சுண்டலும் வயிற்றுக்குள் போகட்டும். குளத்துக்குள்ளும் உடல் வியர்க்கிறது. தண்ணீர் பாட்டில் கரையிலேயே இருக்க வேண்டும்.

தலையில் எண்ணெய் தேய்த்து அனுப்பாதீர்கள். எண்ணெய் நீரைக் கெடுக்கும், தொப்பியும் வழுக்கும். குழாய்த் தண்ணீரில் முடியை நன்றாக நனைத்துத் தொப்பி போட்டால், குளோரின் நீரை முடி குறைவாகவே உறிஞ்சும். காது மடலை இழுத்தால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் வெளிக்காதில் தொற்று இருக்கலாம். பஞ்சுக் குச்சியை விட்டுக் குடையாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீச்சல் உடையை அன்றன்றே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

போட்டிக்கு வருவோம். வயதுப் பிரிவு அந்த ஆண்டின் டிசம்பர் 31-ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே ஜனவரியில் பிறந்த பிள்ளையும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் நீந்துவார்கள். பத்து வயதில் பதினோரு மாத வளர்ச்சி என்பது மிகப் பெரிது. ஓரிரு பந்தயங்களுக்காக நாள் முழுவதும் காத்திருக்க நேரும் என்பதால் இரண்டு துண்டுகள், மாற்று நீச்சல் கண்ணாடி, மாற்றுத் தொப்பி, தயிர் சாதம், பிறப்புச் சான்றிதழின் நகல் எல்லாம் பையில் இருக்கட்டும். புதுக் கண்ணாடியைப் போட்டி நாளில் முதன்முறையாக மாட்டிவிடாதீர்கள். டைவ் அடிக்கும்போது கழன்றுவிடும்.

தகுதி நீக்கம் வரும், கட்டாயம் வரும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை என்ற நீச்சல் வகைகளில் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். களைத்த பிள்ளையின் ஒரு கை முந்திவிடும். பேக்ஸ்ட்ரோக்கில் மல்லாந்த நிலையிலேயே முடிக்க வேண்டும்; கடைசி மீட்டரில் சுவரைத் தேடித் திரும்பிவிடுவார்கள். நடுவர் அதைக் குறிக்கும்போது உங்கள் பிள்ளையின் மேல் அவருக்கு எந்த வன்மமும் கிடையாது. முறையிடும் உரிமை அணிப் பொறுப்பாளருக்குத்தான், அதுவும் எழுத்தில். பெற்றோர் கரையில் வந்து குரல் உயர்த்தினால், தன்னால்தான் இந்தச் சண்டை என்று பிள்ளை கூனிக் குறுகுகிறது. அந்த முகங்களை நான் லேனின் முனையிலிருந்து நேருக்கு நேர் பார்க்கிறேன்.

பந்தயம் முடிந்ததும் பிள்ளை முதலில் பயிற்சியாளரிடம் போகட்டும். உங்களிடம் வரும்போது துண்டைக் கொடுங்கள், "என்ன சாப்பிடுகிறாய் கண்ணா?" என்று கேளுங்கள். "மூணாவது லேன் பையன் உன்னைத் தாண்டிட்டானே" என்ற பேச்சு வண்டியிலும் வேண்டாம், வீட்டிலும் வேண்டாம். பிள்ளையே பந்தயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முழுவதையும் கேளுங்கள், திருத்தம் சொல்லாதீர்கள்.

பதினொரு வயதில் பதக்கம் குவிப்பவர்களில் பலர் சீக்கிரம் உயரம் எட்டியவர்கள். மற்றவர்கள் வளர்ந்து வரும்போது வரிசை மாறிவிடும். நெய்வேலியில் வளர்ந்து அங்கேயே நீந்தத் தொடங்கிய சஜன் பிரகாஷ், 2021-இல் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடிகளில் முடித்தார். ஒலிம்பிக்கில் நேரடியாக இடம் பெறத் தேவையான ‘ஏ’ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர். அப்போது அவருக்கு வயது 27. உங்கள் வீட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எவ்வளவு காலம் கையில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. "வெயிலில் கறுத்துப்போய்விட்டாளே, முடியெல்லாம் செம்பட்டையாகிவிட்டதே" என்று சொந்தக்காரர்கள் அவள் முன்னாலேயே சொல்வார்கள். அந்த இடத்திலேயே, அவள் காதுபட, அவள் பக்கம் நின்று பதில் சொல்லுங்கள். வயதுக்கு வந்ததும் அணியை விட்டு நின்றுவிடும் சிறுமிகள் அதிகம். மாதவிடாய் நாட்களில் நீந்தக் கூடாது என்று மருத்துவத்தில் எந்த விதியும் இல்லை. நீந்தும்போதும் உள்ளே வைத்துக்கொள்ளக்கூடிய டாம்பான், மாதவிடாய்க் கப் போன்றவற்றைப் பற்றித் தாய் வெட்கமில்லாமல் பேச வேண்டும். வலி இருக்கும் நாளில் விடுப்பு எடுக்கலாம். பயிற்சியாளர் ஆண் என்றால் விடுப்பைப் பற்றி நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். பயிற்சியாளர் பிள்ளையோடு தனியாகக் குறுஞ்செய்தி பரிமாறக் கூடாது, எதுவானாலும் பெற்றோரையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்பதை, பிள்ளையை அணியில் சேர்க்கும் நாளிலேயே பேசி வையுங்கள். மகன்களுக்கும் இதுவே பொருந்தும்.

பத்தாம் வகுப்பு வந்ததும் நீச்சலை அடியோடு நிறுத்தும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு கிடைக்கும் என்ற கணக்கில் விருப்பமில்லாத பிள்ளையைக் குளத்துக்கு விரட்டுவதும் நடக்கிறது. இரண்டுமே பிள்ளையைக் கேட்காமல் எடுக்கும் முடிவுகள். வாரத்தில் ஆறு நாள் பயிற்சியை மூன்றாகக் குறைத்துத் தேர்வு முடிந்ததும் கூட்டிக்கொள்ளலாமா என்று, பிள்ளையையும் பயிற்சியாளரையும் சேர்த்து உட்காரவைத்து, ஜூன் மாதத்திலேயே பேசுங்கள். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்த பிறகு அந்தப் பேச்சு அமைதியாக நடக்காது.