சிறிய பவளத் தொட்டி நலியும்போது நாம் செய்யும் தவறுகள்

சென்னையில் ஒரு மே மாதத்தில், என் 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் இருந்த ஸோவாந்திட் மென்பவளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன. பகலில் சட்டைப் பொத்தான் அளவுக்கு விரிந்து நிற்க வேண்டியவை, விளக்கணைத்த பிறகு இருப்பதைப் போல நண்பகலிலும் சுருங்கிய தண்டுகளாகவே நின்றன. முதல் நாள் அயோடின் சொட்டு விட்டேன்; மறுநாள் விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டினேன்; மூன்றாம் நாள் பிஎச் குறைவாகத் தெரிந்ததால் அதை உயர்த்தும் தூளைப் போட்டேன்; நான்காம் நாள் பாதித் தண்ணீரை மாற்றினேன். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரையே சந்தேகிக்க வேண்டும் என்பது எட்டாம் நாள்தான் உறைத்தது. அது 1.025 என்று காட்டிய நீரின் உண்மையான ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.030ஐ நெருங்கியிருந்தது. அந்த நான்கு நாள்களில் நான் செய்த எதுவும் காரணத்தின் பக்கமே போகவில்லை. ஆனால் நான்குமே ஏற்கெனவே வாடியிருந்த உயிர்களுக்குக் கூடுதல் சுமையாயின.

தொட்டி நலிகிறது என்று தெரிந்தவுடன் எதையாவது ஊற்றுவதுதான் முதல் தவறு. அளந்து பார்ப்பதற்கு முன் ஊற்றுவதும், அளக்கும் கருவியைச் சரிபார்ப்பதற்கு முன் அளவை நம்புவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். இயல்பான கடல்நீரில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. அதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.026. ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ நீரை விட்டுச் சுழியத்தில் நிறுத்திவிட்டால் போதும் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறோம். சுழியத்தில் சரியாக நிற்கும் கருவி 35இல் தவறக்கூடும் என்பதால், 35க்கென்றே விற்கும் சரிபார்ப்புக் கரைசலைக் கொண்டு திருகைச் சரிசெய்ய வேண்டும். அது கிடைக்காத ஊரில் வீட்டுத் தராசே உதவும்: ஈரமில்லாத தூள் உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் ஆர்ஓ நீரில் கரைத்தால், அந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பங்கு கடல்நீரைப் போலவே காட்டும். இந்தக் கரைசல் கருவிக்கு மட்டுமே, தொட்டிக்குள் போகக்கூடாது. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள், முள்ளில் ஒட்டிய காற்றுக் குமிழிகள் அதைத் தூக்கிவிட்டு உப்பைக் கூடுதலாகக் காட்டும் என்பதை நினைவில் வைத்து, தட்டிவிட்டுப் படிக்க வேண்டும்.

உப்பு எப்படி ஏறுகிறது என்பதைக் கணக்காகப் பார்த்தால்தான் சிறிய தொட்டியின் ஆபத்து புரியும். 60 லிட்டர் தொட்டியில் பாறையும் மணலும் போக உண்மையில் இருப்பது 50 லிட்டர் நீர் என்று கொள்வோம். கோடையில், மேலே மின்விசிறி சுழலும்போது நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் ஆவியாகிவிடும். மூன்று நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் 5 லிட்டர் குறைந்திருக்கும். உப்பு ஆவியாவதில்லை என்பதால் 35 என்பது 38.9 ஆகியிருக்கும். இந்தக் குறையை நிரப்ப நன்னீருக்குப் பதிலாகக் கலந்து வைத்த உப்புநீரை ஊற்றினால், நீர்மட்டம் பழையபடி வந்துவிடும், உப்போ 38.5இலேயே நிற்கும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும் என்பதுதான் இதில் மோசம். பெரிய தொட்டியில் பல நாள் எடுக்கும் மாற்றம் இங்கே ஒரு நாளில் நடந்துவிடுகிறது. கண்ணாடியின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டிவைத்து, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை நன்னீரை மட்டும் நிரப்புவதே இதற்கு எளிய வழி. ஏறிவிட்ட உப்பை ஒரே நாளில் இறக்குவதும் தவறுதான், ஒப்படர்த்தியை நாளொன்றுக்கு 0.001 என்ற அளவில் குறைத்துக்கொண்டு வந்தால் பவளங்கள் தாங்கும். என் ஸோவாக்கள் அப்படி இறக்கத் தொடங்கிய ஆறாம் நாள் ஓரத்திலிருந்து விரியத் தொடங்கின. பாறையின் உச்சியில் இருந்த ஒரு கொத்து மட்டும் கரைந்தே போனது.

விசிறியைச் சொன்னதால் வெப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். பவளத் தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் ஏற்றது. நம் கோடையில் மூடிய அறைக்குள் தொட்டி 31ஐத் தாண்டுவது சாதாரணம். விசிறி ஆவியாதல் மூலமே குளிர்விக்கிறது, எனவே காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் அதன் பயன் குறையும். கடற்கரையோர ஊர்களில் சில்லர் என்னும் நீர்க்குளிர்விப்பான் வாங்கும் செலவைத் தவிர்க்க முடியாது என்பது என் முடிவு. வெப்பத்தால் திசுவில் வாழும் ஒளிச்சேர்க்கைப் பாசியை இழந்து பவளம் வெளுத்தால், அது வெளிச்சக் குறைவு என்று நினைத்து விளக்கைக் கூட்டுபவர்கள் உண்டு. அப்போது விளக்கைக் குறைக்க வேண்டும். தொட்டிக்குள் ஐஸ் கட்டியை நேரடியாகப் போடுவதும் வேண்டாம்: அது நன்னீர், தவிர வெப்பம் திடீரென இறங்கி மறுபடி ஏறும்.

அடுத்து, நிரப்பும் நீர். வீட்டுக் குழாயில் வருவது சில நாள் மெட்ரோ நீராகவும் சில நாள் லாரி நீராகவும் இருக்கும் நகரத்தில், அதை நேராக ஊற்றக்கூடாது என்பதைப் பலரும் அறிவார்கள். ஆனால் சமையலறையில் மாட்டியிருக்கும் ஆர்ஓ சுத்திகரிப்பானின் நீர் போதும் என்று நம்புகிறார்கள். குடிப்பதற்கான அந்தக் கருவிகள், சுவைக்காகக் கொஞ்சம் குழாய் நீரைத் திரும்பக் கலக்கின்றன, அல்லது தாதுச் சேர்க்கை கொண்ட ஒரு குப்பி வழியாக நீரை அனுப்புகின்றன. அதைவிடக் கேடு, உடலுக்கு நல்லது என்று விளம்பரம் செய்யப்படும் செம்பு சேர்க்கும் வகை. நமக்கு நல்லதோ இல்லையோ, இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் செம்பு நஞ்சு. செம்புக் குடத்தில் பிடித்துவைத்த நீருக்கும் இது பொருந்தும். ஆர்ஓ சவ்வுக்கு அடுத்து அயனிகளை நீக்கும் பிசின் குப்பியை மாட்டி, கரைந்த பொருள்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சுழியம் காட்டும் நீரையே பயன்படுத்த வேண்டும். மீட்டர் ஒன்றோ இரண்டோ காட்டத் தொடங்கினால் பிசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். மீனுக்குப் புள்ளிநோய் வந்தால் செம்பு மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றுவதும் இதே வகையைச் சேர்ந்தது. பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகும் கசியவிடும். நோய்ப்பட்ட மீனை வேறு பெட்டிக்கு மாற்றியே மருந்து தர வேண்டும்.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, கேனில் பிடித்து வரலாமே என்ற கேள்வி எழும். கரையோர நீர் ஒரே நீராக இருப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலின் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து ஆற்றுநீர் கலந்த, உப்புக் குறைந்த நீரைத் தெற்கே கொண்டுவருகிறது. நம் வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான். அடையாறு, கூவம் முகத்துவாரங்களின் நீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததைப் பார்த்த பிறகு, நான் உப்புக்கலவையைத் தவிர வேறெதையும் பயன்படுத்துவதில்லை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த பவளப்பாறை என்று யாராவது தந்தால் வாங்கவே கூடாது. பாறை கட்டும் கல்பவளங்கள் யாவும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இடம்பெற்றிருக்கின்றன. அதற்குப் பதிலாக வைக்கும் உலர்ந்த பாறையில், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகும் வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

பழகியவர்களே அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பாசி வந்துவிடுமோ என்ற அச்சத்தில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். பவளங்கள் வெளிறுகின்றன, பாறைமீதும் மணல்மீதும் பழுப்பு நிறச் சளி படர்ந்து, அதன் நூல்களின் நுனியில் குமிழிகள் தொங்குகின்றன, இரவில் குறைந்து மறுநாள் மாலைக்குள் மறுபடி மூடிக்கொள்கிறது. இது டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர். போட்டியிடும் பாசிகள் பட்டினியால் ஒடுங்கிய தொட்டியில்தான் செழிக்கிறது. இதைச் சாதாரணப் பாசி என்று எண்ணி மேலும் மேலும் நீரை மாற்றி, பாஸ்பேட் நீக்கியை இன்னும் கொஞ்சம் போட்டால் அதற்கே வசதி செய்துகொடுப்போம். நீக்கியை வெளியே எடுத்துவிட்டு, நைட்ரேட்டை 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரையும் பாஸ்பேட்டை 0.03 முதல் 0.1 வரையும் தாங்கிப் பிடிக்க வேண்டும். புதுத் தொட்டியின் முதல் வாரங்களில் மணல்மீது படியும் பழுப்புத் தூசி இதுவல்ல. அது டயட்டம் என்னும் நுண்பாசி, தானே போய்விடும்.

பிஎச் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம்: 7.8 முதல் 8.4 வரை எங்கிருந்தாலும் விட்டுவிடுங்கள். ஏசி போட்டுச் சன்னலடைத்த அறையில் நம் மூச்சின் கரியமில வாயுவே அதை இறக்கிவிடுகிறது. ஒரு தம்ளர் தொட்டி நீரை மொட்டைமாடியில் வைத்துக் காற்று பம்பால் ஒரு மணி நேரம் குமிழிவிட்டுப் பிறகு அளந்தால், பிஎச் ஏறியிருக்கும். அப்படி ஏறினால் குறை நீரில் இல்லை, அறையில்தான். இதைக் கவனியாமல் சமையல் சோடாவைக் கொட்டுபவர்கள் காரத்தன்மையை, அதாவது பிஎச் இறங்காமல் தாங்கும் திறனைத்தான் ஏற்றுகிறார்கள். 50 லிட்டருக்கு அது 1 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) உயர 1.5 கிராம் போதும்; ஒரு தேக்கரண்டியில் அதைப்போல் மூன்று மடங்கு இருக்கிறது. நாளுக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் மாற்றக்கூடாது என்பதை நினைத்தால் அந்தக் கரண்டியின் கனம் தெரியும். மென்பவளங்கள் மட்டும் உள்ள தொட்டியில் வாரம் பத்து சதவீத நீர்மாற்றமே பெரும்பாலும் தேவையை ஈடுகட்டிவிடும்.

மின்வெட்டில் நடக்கும் தவறு ஒன்று பாக்கியிருக்கிறது. இன்வெர்ட்டரில் விளக்கை எரியவிட்டு, நீரோட்ட மோட்டாரை மறந்துவிடுகிறார்கள். வெளிச்சமின்றிப் பவளம் ஓரிரு நாள் தாங்கும். அசையாத வெதுவெதுப்பான நீரில் உயிர்வளி சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கி, விடியற்காலையில் மிகவும் தாழ்ந்துவிடும். எனவே முதலில் மோட்டார், இல்லையேல் பேட்டரியில் ஓடும் காற்று பம்பு. அன்று மீனுக்கு உணவு போடவே கூடாது. அந்த டிசம்பர் புயலில் மின்சாரம் வராத இரவுகளில் பேட்டரியும் தீர்ந்த பிறகு, அரை மணிக்கொரு முறை ஒரு குவளையால் நீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தோம். கோமாளி மீன்கள் இரண்டும் பிழைத்தன.