திராட்சைத் தோட்டத்தில் தாமிரக் கணக்கு

மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவைக்காக இந்த வருஷம் எத்தனை கிலோ மயில்துத்தம் வாங்கினீர்களோ, அதை நாலால் வகுங்கள். உங்கள் மண்ணில் சேர்ந்த தாமிரம் ஏறக்குறைய அவ்வளவு. அடுத்த முறை நுண்ணூட்டக் கலவை வாங்கப் போகும் முன், மண் பரிசோதனையில் தாமிரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். போதுமான அளவு இருந்தால் தாமிரம் கலந்ததை வாங்க வேண்டாம், அந்தக் காசு மிச்சம்.

மயில்துத்தத்தில் கால் பங்குதான் தாமிரம். 1 சதவீதக் கலவையை ஏக்கருக்கு 400 லிட்டர் அடித்தால் 4 கிலோ மயில்துத்தம், அதாவது 1 கிலோ தாமிரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெக்டேருக்கு 7 வருஷத்தில் 28 கிலோ தாமிரம்தான் உச்சவரம்பு. ஏக்கருக்குப் பார்த்தால் வருஷம் 1.6 கிலோ. அடிச்சாம்பல் நோய்க்குப் பயந்து இரண்டு தடவை அடித்தாலே அதைத் தாண்டிவிடுகிறோம். தாமிரம் மட்கிப் போகாது, எளிதில் கீழே இறங்கவும் செய்யாது, மட்கிய பொருளோடு ஒட்டி மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அதனால் மண் மாதிரியைப் பந்தலுக்கு அடியில், மேல் 15 செ.மீ. ஆழத்துக்குள் எடுங்கள்.

இன்னொரு தாமிரப் பூஞ்சைக்கொல்லியான காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. 50 சதவீதத் தூளில் பாதி தாமிரம், அதை இரண்டால் வகுக்க வேண்டும். புதிதாகப் பந்தல் போட்ட நிலத்துக்குத் தாமிரப் பரிசோதனை அவசரமில்லை. பழைய கொடியைப் பிடுங்கிவிட்டுக் காய்கறி போடப் போகிறீர்களா? அப்போது பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது, தாமிரம் மிகுந்தால் இளம் வேர்தான் முதலில் அடி வாங்கும். அமில மண்ணில் பாதிப்பு இன்னும் அதிகம்.