சுற்றுச்சூழல் அறிவியல் படித்தபின் வேலைக்கு ஆயத்தமாவது எப்படி? தொடக்க நிலையினருக்கு ஒரு செய்முறை விளக்கம்

சுற்றுச்சூழல் அறிவியலில் பட்டம் பெற்ற மாணவர்கள் வேலைவாய்ப்புத் தளங்களில் தங்கள் பாடத்தின் பெயரையே தட்டச்சு செய்து தேடி, ஓரிரு விளம்பரங்களுக்கு மேல் எதுவும் காணாமல், இந்தப் படிப்புக்கு வேலையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். வேலை இருக்கிறது, அது வேறு பெயர்களில் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலைய வேதியியலர், ஆய்வகப் பகுப்பாய்வாளர், இஎச்எஸ் (சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு) அலுவலர், ஈஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) ஒருங்கிணைப்பாளர், ஜிஐஎஸ் (புவித் தகவல் முறைமை) ஆய்வாளர், இளநிலை ஆராய்ச்சியாளர், ஈஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) ஆய்வாளர் என்று தேடிப் பாருங்கள். அதே பாடம் வேறு வேறு உடைகளில் வந்து நிற்கும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பிலும் தாக்க மதிப்பீட்டிலும் பணியாற்றிய பட்டறிவைக் கொண்டு, பிஎஸ்சி அல்லது எம்எஸ்சி முடித்த ஒருவர் முதல் வேலையை நோக்கி எந்த வரிசையில் நடக்கலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

படி 1: வேலை எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்

இந்தியாவில் இத்துறையின் வேலைகளில் பெரும்பகுதி சட்டத்தால் உருவானது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஆகிய நான்கையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். அவற்றை இன்னொரு முறை எடுத்து, ஒவ்வொரு விதிக்கும் அருகில் "இதை யார் செய்வார்?" என்று ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு படியுங்கள். அந்தக் கேள்விக்கான விடைகளே உங்கள் வேலைப் பட்டியல்.

திருப்பூரில் உள்ள ஒரு சாயப்பட்டறையை எடுத்துக்கொள்வோம். அதை நிறுவுவதற்கு ஓர் இசைவாணையும், இயக்குவதற்கு இன்னோர் இசைவாணையும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் பெற வேண்டும். விண்ணப்பத்தையும் அதற்கான தொழில்நுட்ப அறிக்கையையும் ஓர் ஆலோசகர் தயாரிக்கிறார். விண்ணப்பத்தை வாரியத்தின் பொறியாளர் ஆராய்கிறார். மாதிரிகளை வாரிய ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் சோதிக்கிறார்கள். இத்தகைய பட்டறைகளின் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை வரை தேங்கி, கீழ்ப்பகுதி உழவர்களின் நிலத்தையும் கிணறுகளையும் பாழாக்கிய நெடுங்கதையின் முடிவில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. மீண்டும் இயங்க வேண்டுமானால் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிலை உறுதியானது. அதன்பின் அங்கே உயிரியல் சுத்திகரிப்பு, எதிர்ச்சவ்வூடு பரவல் எனப்படும் ஆர்ஓ, அதில் மிஞ்சும் உப்புச் செறிவு நீரைக் காய்ச்சும் ஆவியாக்கிகள் என்று ஒரு தொடர் அமைப்பே வளர்ந்தது. அந்த அமைப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் தன்மையை நாள்தோறும் அளந்து பதிவேட்டில் எழுத ஒருவர் வேண்டும். சவ்வு ஏன் அடைக்கிறது, காற்றூட்டத் தொட்டியில் நுண்ணுயிர்கள் ஏன் மடிகின்றன என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். வெளியேறும் கசடு அபாயகரக் கழிவாகையால் அதன் கணக்கை ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் படிவம் 4இல் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கையைப் படிவம் 5இல் செப்டம்பர் 30க்குள் தர வேண்டும். இதற்கும் ஒருவர் வேண்டும்.

ஒரே ஒரு தொழிலிலிருந்து இத்தனை பணிகள் பிறக்கின்றன. வேலூர், ராணிப்பேட்டைப் பகுதியின் தோல் பதனிடும் ஆலைகள், கடலூரின் வேதித் தொழிற்பேட்டை, எண்ணூரின் அனல் மின் நிலையங்கள், உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள கல்குவாரி என ஒவ்வொன்றுக்கும் இதே முறையில் ஒரு பட்டியல் போடுங்கள். இந்தப் பயிற்சிக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் போதும்.

படி 2: எங்கே நிற்க விருப்பம் என்று முடிவு செய்யுங்கள்

வேலைகளைப் பெயரால் பிரிப்பதைவிட, நாளின் பெரும்பகுதியை எங்கே கழிப்பீர்கள் என்பதால் பிரிப்பது தொடக்க நிலையினருக்குப் பயன்படும்.

தொழிற்சாலையில் சேர்ந்தால் சுத்திகரிப்பு நிலையமே உங்கள் இடம். பணி முறைமாற்றத்தில் வரும், நாற்றமும் இரைச்சலும் இருக்கும். ஆனால் ஓராண்டில் கற்றுக்கொள்வது எந்த வகுப்பறையிலும் கிடைக்காது. முதல் வேலையாக எதை எடுப்பது என்று என்னிடம் கேட்கும் எவருக்கும் இதையே சொல்கிறேன்.

ஆய்வகத்தில் சேர விரும்பினால், ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரத்தின்படி, என்ஏபிஎல் என்னும் தேசிய ஆய்வக ஏற்பு வாரியத்தின் ஏற்பு பெற்ற ஆய்வகமாகத் தேடுங்கள். அங்கே ஒவ்வோர் அளவீட்டுக்கும் எழுதப்பட்ட செய்முறையும் கருவிகளின் அளவுத்திருத்தப் பதிவும் இருக்கும் என்பதால், தொடக்கத்திலேயே நல்ல பழக்கம் படியும்.

ஆலோசனை நிறுவனங்களில் பாதி நாள் களம், பாதி நாள் அறிக்கை எழுதுதல். தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் நிறுவனம் இந்தியத் தரக் குழுமத்தின் நபெட் அமைப்பிடம் ஏற்பு பெற்றிருக்க வேண்டும். காற்று, நீர், ஒலி, மண், சூழலியல், சமூகப் பொருளியல் என ஒவ்வொரு துறைக்கும் ஏற்பு பெற்ற வல்லுநர் ஒருவர் இருப்பார். புதியவர்கள் அவரிடம் துணைநிலையில் சேர்ந்து, அனுபவம் சேர்ந்தபின் வல்லுநராக விண்ணப்பிக்கிறார்கள். ஆகவே எந்தத் துறையின் வல்லுநரிடம் சேர்கிறீர்கள் என்பதே அடுத்த பத்தாண்டைத் தீர்மானிக்கும்.

ஆராய்ச்சியையும் பாதுகாப்புப் பணியையும் விரும்புவோருக்குச் சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையமும், கோவையில் சாலிம் அலி பறவையியல் மையமும், கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளையும் உள்ளன. இவற்றில் கிடைக்கும் பணிகளில் பல, ஒரு திட்டம் நடக்கும் காலத்துக்கு மட்டுமே உரியவை. அதை அறிந்து சேர வேண்டும். தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் இளைஞர்களை மாவட்ட அளவில் காலநிலைப் பணிகளில் ஈடுபடுத்துகிறது. அதன் அறிவிப்பையும் கவனித்து வாருங்கள்.

பெருநிறுவன அலுவலகங்களில் அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ள பிரிவு நிலைத்தன்மை அறிக்கை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றுள் சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் பிஆர்எஸ்ஆர் என்னும் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைத் தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியது. நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருளின் உமிழ்வு, வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு, வழங்குநர் முதல் வாடிக்கையாளர் வரையிலான பிற உமிழ்வு என்ற மூன்று அடுக்குக் கணக்கைப் போடத் தெரிந்தவர்களுக்கு இங்கே இடம் உண்டு.

படி 3: தேர்வுக்குப் படிக்கும் முன் தகுதியைச் சரிபாருங்கள்

இந்தப் படியைத் தவிர்த்ததால் ஆண்டுக்கணக்கில் உழைப்பை இழந்தவர்களை அறிவேன். இந்திய வனப்பணித் தேர்வு சுற்றுச்சூழல் மாணவர்களுக்கே உரியது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அதற்கு கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல் (இதைச் சிலர் புவியியல் என்றும் எழுதுவர்), கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் பட்டப்படிப்பில் பாடமாகக் கொண்டிருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். உங்கள் மதிப்பெண் பட்டியலில் வேதியியலோ தாவரவியலோ பாடமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதல்நிலைத் தேர்வு குடிமைப் பணித் தேர்வுடன் இணைந்தே நடக்கிறது.

கல்லூரி ஆசிரியராக விரும்புவோருக்கு யுஜிசி நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாக, 89 என்ற எண்ணில் உள்ளது. முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல் தாள் 2021இல் சேர்க்கப்பட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் பொறியாளர் பணிக்கும் அறிவியலாளர் பணிக்கும் கேட்கப்படும் பட்டங்கள் வேறு வேறு என்பதால், முந்தைய அறிவிக்கையை எடுத்துத் தகுதிப் பகுதியை வரிக்கு வரி படித்துவிட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள்.

படி 4: ஓர் அளவீட்டைக் கையால் செய்து பழகுங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். இருபது அளவீடுகளின் வரையறை தெரிந்தவரைவிட, ஒன்றைத் தவறின்றிச் செய்து அதன் பிழைகளையும் விளக்கத் தெரிந்தவரே நேர்காணலில் நிற்பார். பிஓடி எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையில், அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவில், தொடங்கலாம்.

கல்லூரி ஆய்வகத்தில் அனுமதி பெற்று, விடுதியின் கழிவுநீரிலோ அருகிலுள்ள ஏரியிலோ மாதிரி எடுங்கள். எடுத்த நேரம், இடம், வெப்பநிலை ஆகியவற்றை அங்கேயே குறித்து, மாதிரியைப் பனிப்பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். மாதிரியை ஆக்சிஜன் நிறைந்த நீரில் தக்க அளவில் நீர்க்கச் செய்து, குமிழி இல்லாமல் புட்டிகளில் நிரப்பி, தொடக்கத்திலும், 27 பாகை செல்சியசில் மூன்று நாள் இருட்டில் வைத்தபின்னும் கரைந்த ஆக்சிஜனை அளவிடுங்கள். பாடநூல்களில் வரும் 20 பாகை, ஐந்து நாள் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் முறை. இந்தியத் தர நிர்ணயம் நம் தட்பவெப்பத்துக்கேற்ப மூன்று நாளைக் கொண்டுள்ளது. இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பவர் களத்தைப் பார்த்தவர் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். அதே மாதிரியில் சிஓடி எனப்படும் வேதி ஆக்சிஜன் தேவையையும் பொட்டாசியம் டைகுரோமேட் முறையில் கண்டறியுங்கள்.

பிறகு எண்களைப் படிக்கப் பழகுங்கள். ஆற்றிலோ ஏரியிலோ விடப்படும் கழிவுநீருக்கான பொது வரம்பு லிட்டருக்கு பிஓடி 30 மில்லிகிராம், சிஓடி 250 மில்லிகிராம், மிதக்கும் திண்மங்கள் 100 மில்லிகிராம். அமில காரக் குறியீடு 5.5 முதல் 9 வரை. என் தொடக்கக் காலத்தில் ஓர் ஆய்வக அறிக்கையில் பிஓடி, சிஓடியைவிட அதிகமாகக் குறிக்கப்பட்டிருந்தது. நுண்ணுயிர்கள் சிதைக்கக்கூடியதைக் காட்டிலும் வலிமையான வேதிப்பொருள் சிதைப்பதே மிகுதியாக இருக்கும் என்பதால் அப்படி ஓர் எண் வர வழியில்லை. அந்த அறிக்கை மூன்று பேரின் கையொப்பத்தைக் கடந்து வந்திருந்தது. அன்றிலிருந்து எந்த அறிக்கையிலும் முதலில் அந்த இரண்டு எண்களையே பார்க்கிறேன், நீங்களும் பாருங்கள்.

படி 5: ஒரு வரைபடம், ஓர் அட்டவணை

கியூஜிஐஎஸ், நிலப்படம் வரைவதற்கான இலவச மென்பொருள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல் 2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் நுண்மையில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் வட்டத்திலுள்ள ஓர் ஏரியைத் தேர்ந்து, மழைக்குப் பின்னும் கோடையிலும் அதன் நீர்ப்பரப்பை வரைந்து, பரப்பளவைக் கணக்கிட்டு ஒரே வரைபடத்தில் காட்டுங்கள். இதனுடன் எக்செலில் ஆறு மாத நீர்த்தரத் தரவை அனுமதி வரம்புடன் ஒப்பிட்டு வரைபடம் போடத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். விலை உயர்ந்த சான்றிதழ் வகுப்புகளில் பணத்தைக் கொட்டுமுன் என்பிடெல், சுவயம் தளங்களில் உள்ள இலவசப் பாடங்களை முடித்துவிடுங்கள்.

படி 6: உண்மையான அறிக்கையைப் படியுங்கள், கருத்துக் கேட்புக்குச் செல்லுங்கள்

சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான ஒன்றிய அரசின் பரிவேஷ் தளத்தில் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள் கிடைக்கின்றன. உங்கள் மாவட்டத்தின் ஒரு திட்டத்தைத் தேடி எடுத்து, திட்ட இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் ஆரத்துக்குள் என்னென்ன அளந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பின்னர் அந்த இடத்துக்கே பேருந்தில் சென்று பாருங்கள். அறிக்கையில் இல்லாத ஓர் ஓடையோ, பறவை கூடும் ஒரு குளமோ கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கங்களுள் பல, கூட்டத்துக்கு வரும் மீனவருக்கும் உழவருக்கும் விளங்காத நடையில் இருப்பது எனக்குப் பெரும் வருத்தம். அறிவியலைப் பிழையின்றி நல்ல தமிழில் எழுதத் தெரிந்த ஒருவர் ஆலோசனை நிறுவனத்திலும் தன்னார்வ அமைப்பிலும் தனித்துத் தெரிவார். ஒரு பத்துப் பக்கச் சுருக்கத்தை நீங்களே திருத்தி எழுதிப் பாருங்கள். நேர்காணலுக்குக் கொண்டுபோக அது ஒரு நல்ல மாதிரி.

படி 7: விண்ணப்பமும் முதல் நாளும்

தன்விவரக் குறிப்பில் "சுற்றுச்சூழலில் ஆர்வம் உண்டு" என்ற வரிக்குப் பதிலாக, எந்த ஏரியில் எத்தனை மாதிரி எடுத்தீர்கள், என்ன முறையில் அளந்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். வரைபடத்தையும் அட்டவணையையும் இணைத்து அனுப்புங்கள். நேர்காணலில் காற்றிலுள்ள நுண்துகள் வரம்பைக் கேட்பார்கள்: பிஎம் 2.5க்கு 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 40.

ஒன்றை மட்டும் சேர்வதற்கு முன்பே மனத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். எடுக்காத மாதிரிக்கு எண் எழுதச் சொல்லும் நிலை எங்கேனும் வரலாம். அந்த எண்ணை நம்பித்தான் கீழ்ப்பகுதியில் ஒருவர் தன் கிணற்று நீரைக் குடிக்கிறார். மறுத்து வெளியேற நேர்ந்தாலும், கையில் தொழில் இருப்பவருக்கு இன்னோர் இடம் கிடைக்கும்.

வேலை கிடைத்ததும் முதல் நாளில் அந்த ஆலையின் இசைவாணை நகலைக் கேட்டு வாங்கி, நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் கழிவுநீருக்கு அனுமதி, எத்தனை வெளியேற்ற வாய்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன நிபந்தனை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் குறிப்பேட்டுடன் நடந்துபோய் ஒவ்வொரு வாயையும் நேரில் பாருங்கள்.